கதிர் மறையுமுன்: இருப்பதைக் கொண்டு ஒரு மாலை உணவு

இல்லறத்தார் மேற்கொள்ளும் நோன்புகளுள் அடுக்களையோடு நேரடித் தொடர்புடையது இரவுண்ணாமை. சமந்தபத்திர ஆசாரியர் இயற்றிய இரத்தின கரண்டக சிராவகாசாரம், சாவகர் படிப்படியாக ஏறிச் செல்லும் நிலைகள் பதினொன்றில் இதனை ஆறாவதாக வைத்துள்ளது. அந்நூலின் வழிநின்று தமிழில் எழுந்தது நம் அருங்கலச்செப்பு. விளக்கொளியை நாடிவரும் நுண்ணுயிர்கள் உணவில் வீழ்ந்து மடிவதைத் தவிர்ப்பதே இந்நோன்பின் உட்கருத்து என்பதை நம் இல்லங்களில் சிறு பிள்ளைகளும் அறிவர்.

ஆயினும், இந்நோன்பு இன்று பல இல்லங்களில் தளர்ந்து வருவதைக் காண்கிறோம். நம்பிக்கை குறைந்துவிட்டதால் அவ்வாறு நேர்ந்தது என்று கூற எனக்கு மனம் வரவில்லை. கணவனும் மனைவியும் பணிக்குச் செல்கின்றனர். மாலை ஐந்து மணிக்கு வீடு திரும்பினால் காய் இருப்பதில்லை, மாவு இருப்பதில்லை. "கடைக்குச் சென்று வாங்கி வந்து சமைப்பதற்குள் இருட்டிவிடும், இன்று ஒரு நாள் பொறுத்துக்கொள்வோம்" என்கின்றனர். அந்த ஒரு நாள் வாரத்திற்கு இருமுறையாகிறது. பின்னர் அதுவே வழக்கமாகிவிடுகிறது. இந்த இல்லங்களில் குறைவது பக்தியன்று. வீட்டில் இருக்கும் பொருளைக் கொண்டு நாற்பது நிமிடத்தில் ஒரு நல்ல உணவை ஆக்கும் திறனே குறைகிறது. திறன் என்பது கற்பிக்கக் கூடியது, கற்றுக்கொள்ளக் கூடியது. அதனையே இவ்விதழில் ஒரு பாடமாகக் காண்போம்.

கதிரவனின் கால அட்டவணை

பாடத்தின் முதற்படி, நமக்குள்ள நேரத்தை அறிதல். கடிகாரத்தில் மாலை ஆறு மணி என்பது ஆண்டு முழுவதும் ஒன்றாயினும், கதிர் மறையும் நேரம் ஒன்றன்று. சென்னையில் நவம்பர் மாதப் பிற்பகுதியில் ஏறத்தாழ 5.40 மணிக்கே சூரியன் மறைகிறது. சூலை மாத முற்பகுதியிலோ ஏறத்தாழ 6.40 வரை வெளிச்சம் உண்டு. இரண்டிற்கும் இடையே ஒரு மணி நேர வேறுபாடு. மேற்கே செல்லச் செல்ல மறைவு சற்றுத் தாமதமாகும். வந்தவாசியில் சென்னையை விட இரண்டு மூன்று நிமிடம் பிந்தும். கோடையில் எளிதாக நடைபெறும் நோன்பு ஐப்பசி, கார்த்திகையில் தடுமாறுவதன் காரணம் இதுவே.

இன்னும் நுட்பமாகக் கடைப்பிடிப்போர், மறைவுக்கு இரண்டு நாழிகை முன்னரே உணவை முடிப்பர். ஒரு நாழிகை 24 நிமிடம். இரண்டு நாழிகை 48 நிமிடம். நவம்பர் இறுதியில் அவர்கள் 4.52 மணிக்கெல்லாம் கை கழுவிவிட வேண்டும். அத்தகைய இல்லங்களில், பணியிலிருந்து திரும்பும் பெண்மணி வந்துதான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும் என்றால் அது நடவாத செயல். வீட்டிலிருக்கும் தாத்தாவோ, கல்லூரியிலிருந்து முன்னதாகத் திரும்பும் மகனோ தொடங்கிவைக்க வேண்டும். ஆதலின் இப்பாடம் தாய்மார்களுக்கு மட்டும் உரியதன்று, ஆண்பிள்ளைகளும் கற்கவேண்டியது.

பொருளின் பெயரைக் கேளாதீர், பணியைக் கேளுங்கள்

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு முதலில் கற்பிக்கப்பட்ட விதி. சமையலுக்கும் அது பொருந்தும். "இன்று என்ன சமைப்பது?" என்று தொடங்கினால் ஒரு பண்டத்தின் பெயர் மனத்தில் தோன்றும், அதற்குரிய பொருள்களுள் ஒன்று இல்லாவிடின் மனம் சோர்ந்துவிடும். "என்னென்ன இருக்கின்றன?" என்று தொடங்க வேண்டும். அடுப்பைப் பற்றவைக்குமுன் அலமாரியைத் திறந்து, கீழ்க்காணும் ஐந்து வினாக்களுக்கு விடை காணுங்கள்.

முதல் வினா: தவசம் எது? அரிசி, நொய், அவல், கோதுமை ரவை, வரகு, தினை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று போதும். சிறிதாக உடைந்தது விரைவில் வேகும். நீர் உள்ளே செல்ல வேண்டிய தொலைவு குறைவு. முழு அரிசியைவிட நொய் விரைவானது. நொய்யைவிட அவல் விரைவானது. கெட்டி அவலைக் கழுவிப் பத்து நிமிடம் ஊறவைத்தாலே போதும்.

இரண்டாம் வினா: பருப்பு எது? அரிசியின் புரதத்தில் லைசின் என்னும் சத்து குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறைவுபடும் மெத்தியோனின் அரிசியில் உண்டு. எனவேதான் மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு என்னும் நம் பாட்டிமார் கணக்கு இன்றும் பொருந்துகிறது. நேரம் குறைவாயின் பாசிப்பருப்பை எடுங்கள். அது துவரையைவிட விரைவில் குழையும். பொட்டுக்கடலை முன்னரே வறுபட்டதாதலின் வேகவே வேண்டியதில்லை.

மூன்றாம் வினா: காய் எது? பாதிப் பீர்க்கங்காயாயினும் ஒரு துண்டுப் பூசணியாயினும் அதுவும் காயே. கிழங்கு வகைகள், வெங்காயம், பூண்டு ஆகியவற்றை நீக்கிய நம் அடுக்களையில் கொடியில் காய்ப்பவையே பெருந்துணை. கொத்தவரை வற்றல் ஒரு கைப்பிடி இருப்பின், காயே இல்லாத நாளுக்கும் அஞ்ச வேண்டியதில்லை.

நான்காம் வினா: புளிப்பு எது? புளி, எலுமிச்சை, தக்காளி, மாங்காய், மோர் இவற்றுள் ஒன்று மற்றொன்றின் இடத்தில் நிற்கும். ஆயின் ஒரு விதி உண்டு. புளிப்பு முதலிலேயே சேர்ந்தால் பருப்பும் காயும் எளிதில் வேகா. அவை வெந்த பின்னரே புளிக்கரைசலை ஊற்ற வேண்டும். எலுமிச்சைச் சாற்றை அடுப்பை அணைத்த பின் பிழிய வேண்டும், கொதித்தால் கசக்கும்.

ஐந்தாம் வினா: உறைப்பும் மணமும் எதனால்? பச்சைமிளகாய் இல்லையேல் காய்ந்த மிளகாய். அதுவும் இல்லையேல் மிளகு. பச்சை இஞ்சியை நீக்கியோர்க்குச் சுக்கு. வெங்காயம் தரும் வாசனைக்கு ஈடாகப் பெருங்காயம். கடையில் விற்கும் பெருங்காயத் தூளில் பெரும்பாலும் மாவு கலந்திருக்கும் என்பதையும், மசாலைத் தூள்களில் பூண்டும் வெங்காயமும் இருக்கலாம் என்பதையும் நினைவிற் கொள்க. உறையின்மேல் உள்ள பச்சைப் புள்ளி அது சைவ உணவு என்பதை மட்டுமே கூறும். கிழங்கோ பூண்டோ இல்லை என்று உறுதி கூறாது. சேர்மானப் பட்டியலைப் படித்தே வாங்க வேண்டும்.

இவ்வைந்திற்கும் விடை கிடைத்துவிட்டால் உணவு ஏறத்தாழ முடிவாகிவிட்டது. அதன் பெயரைப் பின்னர்ச் சூட்டிக்கொள்ளலாம்.

முதல் எடுத்துக்காட்டு

நவம்பர் மாத இறுதியில் ஒரு வேலைநாள் என்று கொள்வோம். மணி 5.00. மறைவு 5.40. உண்பவர் நால்வர். வீட்டில் உள்ளவை: அரிசி, பாசிப்பருப்பு, உளுத்தம்பருப்பு, பீர்க்கங்காய் இரண்டு, சிறிது புளி, தேங்காய் ஒரு மூடி, மிளகு, சீரகம், காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, நெய்.

ஒன்றரைத் தம்ளர் அரிசியை மிக்சியில் இரண்டு மூன்று சுற்று மட்டும் விட்டு உடைத்தால் நொய் கிடைக்கும். அரைத் தம்ளர் பாசிப்பருப்பு. மேற்கூறிய மூன்றுக்கு ஒன்று என்னும் கணக்கு இதில் அமைந்துவிடுகிறது.

5.00: ஓர் அடுப்பில் ஆறு தம்ளர் வடிகட்டிய நீரைக் கொதிக்க வையுங்கள். மற்றோர் அடுப்பில் பாசிப்பருப்பை மணம் வரும்வரை வெறும் வாணலியில் வறுத்து எடுங்கள்.

5.02: பீர்க்கங்காயில் ஒரு சிறு துண்டை நாவில் வைத்துப் பாருங்கள். கசந்தால் அக்காயை முழுவதுமாக நீக்கிவிட வேண்டும். கசக்கும் பீர்க்கு உடலுக்குத் தீங்கு செய்யும். கசக்காதவற்றைத் தோல் சீவி, உட்பகுதியை நறுக்குங்கள். தோலை எறியாதீர்கள்.

5.07: அரிசி நொய், பருப்பு இரண்டையும் கழுவி, நறுக்கிய காய், சிறிது மஞ்சள்தூள், உப்பு இவற்றுடன் குக்கரில் இட்டுக் கொதிநீரை ஊற்றி மூடுங்கள். குக்கரினுள் ஆவியின் அழுத்தம் மிகுவதால் நீர் 100 பாகையைக் கடந்து ஏறத்தாழ 120 பாகை வரை சூடேறுகிறது. விரைவில் வேகும் இரகசியம் அதுவே. முன்பே கொதித்த நீரை ஊற்றியதால் இன்னும் சில நிமிடம் மிஞ்சும். மூன்று சீழ்க்கை போதும்.

5.08: சிறிது எண்ணெயில் இரண்டு கரண்டி உளுத்தம்பருப்பையும் நான்கு காய்ந்த மிளகாயையும் சிவக்க வறுத்து எடுத்து, அதே வாணலியில் பீர்க்கந்தோலை நன்கு வதக்குங்கள். சூடு ஆறியபின் புளி, உப்பு, இரண்டு கரண்டி தேங்காய்த்துருவல் சேர்த்துக் கரகரப்பாக அரையுங்கள். துவையல் ஆயிற்று.

5.15: குக்கரை அணையுங்கள். ஆவி தானே அடங்கட்டும்.

5.22: திறந்து நன்கு கிளறி, நெய்யில் மிளகு, சீரகம், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள்.

5.25: இலை போடலாம். உண்பதற்குப் பதினைந்து நிமிடம் உள்ளது.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. நீண்ட நேரம் பிடிக்கும் வேலை முதலில் தொடங்கப்பட்டது. குக்கர் வேலை செய்யும்பொழுது கை வேறொரு வேலையைச் செய்தது. மேலும், ஒரே காய் இரு பண்டங்களாயிற்று. "காயே இல்லை" என்று எண்ணிய வீட்டில் தோலும் ஒரு காயாக நின்றது.

தயிர் பற்றி ஓர் எச்சரிக்கை

இத்தகைய அவசர நேரத்தில் பலருடைய கையும் தயிரை நாடும். பச்சைத் தயிருடன் பருப்பு வகைகளைக் கலந்து உண்ணலாகாது என்னும் துவிதள விதியைக் காப்போர் இங்கு விழிப்பாக இருத்தல் வேண்டும். பாசிப்பருப்புப் பொங்கலுக்குத் தயிர்ப்பச்சடி அவர்களுக்கு ஆகாது. தயிர்ச்சோற்றிலும் தாளிப்பில் இடும் உளுத்தம்பருப்பும் கடலைப்பருப்பும் பருப்பே அல்லவா? கடுகு, கறிவேப்பிலை, காய்ந்த மிளகாய் மட்டும் தாளித்தால் சுவையும் குறையாது, விதியும் காக்கப்படும்.

இரண்டாம் எடுத்துக்காட்டு: பசுமை நீக்கிய நாள்

அட்டமி, சதுர்த்தசி நாள்களில் பச்சைக் காய்கறிகளை நீக்குவோர் நம்மிடையே பலர். காய் வாங்கி வைக்காத வீட்டிற்கு இந்நாள்கள் உண்மையில் எளியவை. காய் இல்லாமலே நிறைவாக உண்ண இயலும் என்பதை அவை ஆண்டு முழுவதும் நமக்குக் கற்பித்து வந்திருக்கின்றன.

அன்று சோறு, பருப்புத் துவையல், மிளகு ரசம் என்னும் மூன்றும் போதும். சோறு வேகும்பொழுதே அரைத் தம்ளர் துவரம்பருப்பை மூன்று காய்ந்த மிளகாய், சில மிளகுடன் செந்நிறமாக வறுத்து, ஆறவைத்து, கொப்பரைத் துருவல், உப்பு, நெல்லி அளவில் பாதிப் புளி சேர்த்து, சிறிது நீர் தெளித்துக் கெட்டியாக அரைக்க வேண்டும். பருப்பு ஒரே சீராக வறுபடத் தீ மிதமாக இருத்தல் வேண்டும், கருகினால் கசக்கும்.

ரசத்திற்கு ஒரு நெல்லி அளவு புளியை நான்கு தம்ளர் நீரில் கரைத்து, உப்பும் பெருங்காயமும் இட்டு, புளியின் பச்சை வாசனை நீங்கும்வரை கொதிக்கவிட வேண்டும். ஒரு தேக்கரண்டி மிளகையும் ஒரு தேக்கரண்டி சீரகத்தையும் பொடித்துப் போட்டு, நுரை பொங்கியதும் இறக்கி, நெய்யில் கடுகு தாளிக்க வேண்டும். கறிவேப்பிலையும் கொத்தமல்லித் தழையும் பச்சைமிளகாயும் பசுமையைச் சேர்ந்தவையே என்பதை மறவாதீர். அன்று மிளகும் சீரகமுமே மணம் தரும்.

எதிர்பாரா விருந்தினர்

சமையல் முடியும் தறுவாயில் இருவர் வந்துவிட்டால் என் செய்வது? மீண்டும் முதலிலிருந்து தொடங்கினால் கதிர் காத்திராது. செய்த உணவை நீட்டவும், விரைவான ஒன்றைக் கூட்டவும் வேண்டும். பொங்கலில் ஒரு தம்ளர் கொதிநீரும் சிறிது உப்பும் சேர்த்துக் கிளறினால் சற்று இளகி இன்னும் ஓர் இலைக்கு வரும். கெட்டி அவலைக் கழுவி ஊறவைத்து, புளிக்கரைசல், மஞ்சள்தூள், காய்ந்த மிளகாய் தாளித்துக் கிளறினால் பதினைந்து நிமிடத்தில் புளி அவல் ஆயத்தமாகும். வெல்லமும் தேங்காயும் இருப்பின், ஊறிய அவலில் ஒரு பகுதியை அவற்றுடன் பிசைந்து இனிப்பாகவும் பரிமாறலாம். வந்தவர் கதிர் மறையுமுன் மனநிறைவுடன் எழுந்தனர் என்பதே அவ்விருந்தின் சிறப்பு. பண்டங்களின் எண்ணிக்கையில் ஒன்றுமில்லை.

முன்னேற்பாடு என்னும் அடித்தளம்

இருப்பதைக் கொண்டு சமைப்பதற்கு ஏதேனும் இருக்க வேண்டும் அன்றோ? எதனை எவ்வாறு வைத்திருப்பது என்பதில்தான் அனுபவம் தேவை.

மாவுக்கு மழைக்காலத்தில் 3 நாள், கோடையில் 5 நாள், குளிர்காலத்தில் 7 நாள் என நம் முன்னோர் வரம்பு வகுத்தனர். ஈரமும் வெப்பமும் மிகுந்தால் மாவில் உயிர்கள் தோன்றுவது விரைவாகும் என்பதை அவர்கள் கண்டறிந்தே இவ்வாறு அமைத்தனர். கடையில் வாங்கும் மாவும் ரவையும் எந்நாளில் உடைபட்டன என்பது நமக்குத் தெளிவில்லை. ஆதலின் தவசமாகவே வைத்துக்கொண்டு, வேண்டும்பொழுது வேண்டிய அளவு உடைத்துக்கொள்வதே ஐயத்திற்கு இடமற்ற வழி. மிக்சி உள்ள இன்றைய அடுக்களையில் இஃது ஒரு நிமிட வேலை.

அரிசியையும் பருப்பையும் முறத்திலிட்டு ஆய்வது மாலை நேர அவசரத்தில் செய்யத்தக்க வேலையன்று. வண்டும் புழுவும் கண்ணுக்குத் தப்பிவிடும். விடுமுறை நாளில், காலை வெளிச்சத்தில், அவ்வாரத்திற்கு வேண்டியதை ஆய்ந்து, உலர்ந்த கலத்தில் காய்ந்த வேப்பிலையுடன் மூடி வையுங்கள். நல்ல வெளிச்சத்தில் ஆய்ந்த ஒரு படி பருப்பு, வாரத்தின் ஆறு மாலைகளைக் காக்கும். புளியைக் கொட்டையும் கோதும் நீக்கி வைத்தல், மிளகு சீரகத்தைச் சிறிதளவு பொடித்து வைத்தல் ஆகியனவும் அன்றே முடியும்.

பயிற்சி

படித்த பாடம் பயிற்சியின்றி நிலைக்காது. கீழ்வரும் மூன்றையும் குடும்பத்தார் சேர்ந்து அமர்ந்து விடை காணுங்கள். பிள்ளைகளை முதலில் கூறச் சொல்லுங்கள்.

1. மணி 5.10, மறைவு 6.05. வீட்டில் அரிசி, ஊறவைக்காத கொண்டைக்கடலை, பொட்டுக்கடலை, பாதிப் புடலங்காய், எலுமிச்சை, மிளகு உள்ளன. என்ன செய்வீர்கள்?

2. அட்டமி நாள். அவல், பொட்டுக்கடலை, புளி, வெல்லம், தயிர் உள்ளன. துவிதள விதியைக் காக்கும் இல்லம். எவற்றைச் சேர்ப்பீர்கள், எதனை விலக்குவீர்கள்?

3. உங்கள் அலமாரியைத் திறந்து, தவசம், பருப்பு, காய், புளிப்பு, மணம் என ஐந்து பத்திகள் இட்டு, உள்ளவற்றை எழுதுங்கள். எந்தப் பத்தி வெறுமையாக உள்ளதோ அதுவே அடுத்த முறை கடையில் வாங்க வேண்டியது.

விடைக்குறிப்பு: முதல் வினாவில் கொண்டைக்கடலை ஒரு பொறி. ஊறாத கடலை இந்நேரத்திற்குள் மென்மையாக வேகும் என்று நம்பியிருக்க இயலாது. அதனை இன்றிரவு ஊறவைத்தால் நாளைக்கு ஆகும். இன்று மிளகு சேர்த்த எலுமிச்சைச் சோறும், பொட்டுக்கடலைப் பொடி தூவிய புடலங்காய்ப் பொரியலும் போதும். இரண்டாம் வினாவில், புளி அவலில் பொட்டுக்கடலை சேரலாம். அவ்வாறாயின் அவ்வேளை தயிரை விலக்க வேண்டும். தயிர் அவல் உண்ண விரும்பின் பொட்டுக்கடலையை விலக்க வேண்டும். வெல்லம் இரண்டிற்கும் உடன்பாடே.

மூன்றாம் வினாவிற்கு விடை உங்கள் இல்லத்திலேயே உள்ளது. அந்த ஐந்து பத்திகளையும் ஒரு தாளில் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டி, அருகில் அம்மாதத்தின் கதிர்மறைவு நேரத்தையும் குறித்து வையுங்கள். பத்து வயதுப் பிள்ளையும் அதனைப் பார்த்து, "அம்மா, பாசிப்பருப்பு இருக்கிறது, பீர்க்கங்காய் இருக்கிறது, இன்னும் நாற்பது நிமிடம் உள்ளது" என்று கூறக் கற்றுக்கொள்ளும். அப்பிள்ளை பிற்காலத்தில் எவ்வூரில் எப்பணியில் இருப்பினும், தனியாக ஓர் அறையில் தங்கிப் படிப்பினும், கதிர் மறையுமுன் ஒரு வேளை உணவைத் தன் கையால் ஆக்கி உண்ணும்.